நாற்பத்தோராம் நம்பர் படம்

ஆறாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் ஒரு செய்தி, வரிசை வீடுகளான லயத்தின் இந்த முனையில் புறப்பட்டால் அந்த முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் கை கால் முளைத்து, மீசையும் வைத்துக்கொள்ளும். அங்கம்மாவின் படத்தைப் பற்றிய செய்திக்கும் அதுதான் நடந்தது.

பங்களாத் தோட்டக்காரன் அர்ச்சுனன் பொய் சொல்கிற ஆள் இல்லை. மிஸ்ஸி என்று எல்லாரும் சொல்லும் துரையின் தங்கை சீமைக்குக் கப்பலேறுவதற்கு முந்தின வாரம், அவள் வரைந்த படங்களைச் சிங்கப்பூருக்கு அனுப்ப லாரியில் ஏற்றினார்கள். ஒரு பக்கம் பிடித்தவன் அர்ச்சுனன். மேலே சுற்றியிருந்த துணி காற்றில் விலகியபோது கண்ணில் பட்டதை வந்து சொன்னான். "அங்கம்மா படம்தான்னு மிஸ்ஸி சொன்னாங்க. ஒரே மண் நிறமா இருந்துச்சு. சேலை தெரியலை."

காலையில் அவன் சொன்னது இவ்வளவுதான். தண்ணீர்க் குழாயடியில் அது "சேலை சரியில்லை" என்று ஆயிற்று. பால் நிறுக்கிற நேரத்தில் "சேலையே இல்லை" என்று ஆகிவிட்டது. பொழுது சாய்வதற்குள், மிஸ்ஸி கதவைச் சாத்திக்கொண்டு பதினோரு நாள் அங்கம்மாவை எப்படியெல்லாம் நிற்க வைத்தாள் என்று, பங்களாப் படியைக்கூட மிதிக்காதவர்கள் கிட்ட நின்று விளக்குப் பிடித்ததுபோல் விவரம் சொன்னார்கள்.

அங்கம்மாவுக்கு இருபத்துமூன்று வயது. தாய் தகப்பன் இல்லை. அண்ணன் ஐயாசாமியோடு இருந்தாள். ஐயாசாமி நல்ல மனிதன். வாயில் வெற்றிலை இருக்கும்வரை பேசமாட்டான், வெற்றிலை எப்போதும் இருக்கும். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அங்கம்மாவே பேசிக்கொண்டாள். முந்நூற்றைம்பது மரத்தில் பால் வெட்டிவிட்டு, மற்றவர்கள் பாதி மரத்தில் இருக்கும்போதே மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றத் தொடங்கிவிடுவாள். கங்காணி அதட்டினால் திருப்பிக் கேட்பாள். அதனால் அவள்மேல் சிலருக்கு ஏற்கெனவே காட்டம் இருந்தது. இப்போது வாய்க்கு அவல் கிடைத்தது.

அவளுக்குப் புகைக்கொட்டகையில் வேலை பார்க்கும் தங்கராஜுவைப் பேசி முடித்திருந்தார்கள். நோன்புப் பெருநாள் கழிந்ததும் பரிசம் போடுவதாக ஏற்பாடு. தங்கராஜுவைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர. அவன் என்ன நினைக்கிறான் என்பதை அவனுடைய அக்காள் ராசம்மாதான் சொல்வாள். தம்பியைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவள் அவள். இருபது வருஷம் பால்மரம் வெட்டியவள். வாய் திறந்தால் லயமே அமைதியாகிவிடும்.

அந்த ராசம்மா அடுத்த நாள் மத்தியானம் ஐயாசாமி வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. உட்காரவும் இல்லை.

"நான் சுத்தி வளைச்சுப் பேசுற ஆளு இல்லை. ஊரு பேசுறது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு அக்கா," என்றாள் அங்கம்மா.

"நெசமா?"

"பொய்."

"பொய்யின்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க. அந்தப் படம் எங்க இருக்கு?"

"சிங்கப்பூர்ல. பெரிய மண்டபத்துல எல்லாருக்கும் காட்டுறாங்களாம்."

ராசம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "எல்லாருக்குமா? அலமாக்! அப்படின்னா கண்ணால பார்க்காம என் தம்பிக்குப் பரிசத்தட்டு தூக்க மாட்டேன். இதை இப்பவே சொல்லிட்டேன்."

ஐயாசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு ஏதோ சமாதானம் சொல்லப் போனான். அங்கம்மா முந்திக்கொண்டாள்.

"வாங்க, போய்ப் பார்த்துட்டு வருவோம். பெருநாளுக்குத் தோட்டம் லீவுதானே? நாலு பேரும் போவோம். நீங்களே பாருங்க. பார்த்துட்டு இந்த லயத்துல வாய் கிழியப் பேசுனவங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

அவள் சொன்ன தோரணையில் ராசம்மாவே கொஞ்சம் அசந்துபோனாள். தப்பு செய்தவள் இவ்வளவு துணிந்து கூப்பிடுவாளா என்று யோசித்தபடி திரும்பிப் போனாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்தப் படத்தை அங்கம்மாவே பார்த்ததில்லை.

பதினோரு நாள் மத்தியானம், பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பங்களாவின் பின்பக்கத்து வராந்தாவில் காண்டாக் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். பால் வாளிகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுச் சுமக்கிற கட்டை அது. முதல் நாள் வாளிகளோடுதான் நின்றாள். வலிக்கும் என்று மிஸ்ஸி மறுநாள் வாளிகளைக் கழற்றச் சொல்லிவிட்டாள். வேலைச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். முழுக்கைச் சட்டை, தலைத்துணி எல்லாம் இருந்தன. மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. இருவருக்கும் பொதுவாக ஒரு கைப்பிடி மலாய் இருந்தது. படத்தைப் பார்க்கலாமா என்று அங்கம்மா கேட்டபோதெல்லாம் மிஸ்ஸி தூரிகையை ஆட்டி, "பெலும், பெலும்" என்பாள். இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்றே பதினோரு நாளும் போய்விட்டன. முடித்த பிறகு கூப்பிடுவதாகச் சொன்னவள், கப்பலுக்கு நாளாகிவிட்ட அவசரத்தில் மறந்துபோனாள்.

அந்தப் பதினோரு நாளும் அங்கம்மாவுக்குப் பிடித்திருந்தன. ஒருத்தி அவளை மட்டும், வேறு வேலையே இல்லாததுபோல், மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. இதை அவள் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. ராசம்மாவிடம் சவால் விட்டபின்தான் பயம் பிடித்தது. மிஸ்ஸி தன் இஷ்டத்துக்கு எதையாவது வரைந்திருந்தால்? வெள்ளைக்காரிகளுக்கு எது வெட்கம், எது வெட்கமில்லை என்று யார் கண்டது? ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

பெருநாள் அன்று விடியற்காலையில் நால்வரும் கெலாங் பாத்தா சடக்குச் சாலைக்கு நடந்து வந்து, அன்னாசிப்பழ லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு வந்தார்கள். ராசம்மா மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள். தங்கராஜு புதுச் சட்டை போட்டிருந்தான். அங்கம்மா பார்க்காதபோது அவளைப் பார்த்தான், அவள் திரும்பினால் அன்னாசிப்பழத்தைப் பார்த்தான். ஊரெல்லாம் புதுத்துணியும் மலாய்க்காரப் பிள்ளைகளின் கூச்சலுமாக இருந்தது. சாப்பாட்டுக் கடையில் பசியாறிவிட்டுப் பஸ் ஏறினார்கள். சிங்கப்பூருக்குக் கடல்மேல் பாலம் போட்டுப் பத்து வருஷம் ஆகியும் ராசம்மா அதைத் தாண்டியதில்லை. இரண்டு பக்கமும் கடலைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். அக்கரை வந்ததும் திறந்து, "இவ்வளவுதானா?" என்றாள்.

சிங்கப்பூரில் இறங்கி, நாலு பேரிடம் விசாரித்து, இரண்டு முறை வழி தப்பி, ஒருவழியாக மண்டபத்தைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளைத் தூண்களும் அகலமான படிகளுமாக இருந்தது. மேல்படியில் ராசம்மா நின்றாள்.

"செருப்பைக் கழட்டுங்க."

"இது கோயில் இல்லையே அக்கா," என்றான் தங்கராஜு.

"தரையைப் பாரு. எப்படிப் பளபளன்னு வச்சிருக்காங்க. இதுமேல செருப்போட நடப்பியா?"

நான்கு ஜோடிச் செருப்பும் தூணோரம் வரிசையாக அமர்ந்தன. உள்ளே போகிற வெள்ளைக்காரர்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு துரைசானி தன் பூட்ஸைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

உள்ளே சுவர் முழுக்கப் படங்கள். ராசம்மா பார்த்த படங்களெல்லாம் சாமி படங்களும் காலண்டர் படங்களும்தான். அவற்றில் முருகன் முருகனைப்போலவும் மயில் மயிலைப்போலவும் இருக்கும். இங்கே ஒரு மேசை சாய்ந்து கிடந்தது, அதிலிருந்த பழங்கள் மட்டும் விழாமல் இருந்தன. ஒரு மனிதனுக்கு முகம் மஞ்சள், காது பச்சை. ஒரு வீட்டை யாரோ மிதித்து மடக்கியதுபோல் வரைந்திருந்தார்கள்.

"இவருக்குக் காமாலை," என்று மஞ்சள் மனிதனைப் பார்த்து ராசம்மா தீர்ப்புச் சொன்னாள். "கீழாநெல்லி கொடுக்க ஆளில்லாம படம் போட்டு வச்சிருக்காங்க."

அங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பியவளுக்கு மூச்சு நின்றுவிட்டது. எதிர்ச் சுவரில் ஒரு பெண் கட்டிலில் படுத்திருந்தாள். உடம்பில் ஒரு நூல்கூட இல்லை. ஆள் உயரத்துக்கு வரைந்திருந்தார்கள். ராசம்மாவும் பார்த்துவிட்டாள். தங்கராஜு தரையைப் பார்த்தான். ஐயாசாமி வெற்றிலையை மென்று விழுங்கியே விட்டான்.

ராசம்மா பிறகு மெல்லக் கிட்டே போனாள். அந்தப் பெண்ணின் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தாள்.

"அக்கா, அது வெள்ளைக்காரி," என்றாள் அங்கம்மா. "முடியைப் பாருங்க."

"எனக்கும் கண்ணு இருக்கு. இதையும் ஒருத்தி வெட்கமில்லாம படுத்து வரைய விட்டிருக்கா பாரு. உன் படமும் இப்படித்தான் இருக்கும்னா நம்ம பயணம் இங்கயே முடிஞ்சது, சொல்லிட்டேன்."

அங்கம்மா ஒவ்வொரு சுவரையும் பார்த்தாள். எந்தப் படத்திலும் தன்னைக் காணவில்லை. அப்போதுதான் மூலை மேசையில் வேட்டியில்லாமல் கால்சட்டை போட்ட ஒரு தமிழர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைத் தங்கராஜு பார்த்தான். மண்டபத்தில் கணக்கெழுதும் கிராணி அவர். கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை தொங்கியது.

"கிராணி ஐயா, நாங்க ஜொகூர்லேருந்து வர்றோம்," என்றாள் அங்கம்மா. "எங்க தோட்டத்து மிஸ்ஸி வரைஞ்ச படம் எதுன்னு காட்டுறீங்களா?"

"ஜொகூரா? நானும் ஜொகூர் பாருதான். ஸ்டானிஸ்லாஸ்." மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். "மிஸ்ஸி பேரு என்ன?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஸ்ஸிக்குப் பெயர் இருக்கும் என்பதே அப்போதுதான் அவர்களுக்குத் தோன்றியது.

ஸ்டானிஸ்லாஸ் சிரித்துக்கொண்டே நோட்டைப் புரட்டினார். "ஜொகூர்லேருந்து ரெண்டு படம்தான் வந்துச்சு. ஒண்ணு கடலும் படகும். இன்னொண்ணு நாற்பத்தோராம் நம்பர். அந்தத் திருப்பத்துல இருக்கு பாருங்க."

திருப்பத்தில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில், தனியாக இருந்தது.

பெரிய படம். பின்னால் கத்தரிப்பூ நிறத்தில் மரங்கள் வரிசை வரிசையாகப் போயின. முன்னால் ஓர் உருவம் நின்றது. தலை முதல் கால் வரை ஒரே செம்மண் நிறம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கோடுகள். கண் இல்லை, மூக்குத்தி இல்லை. கைகள் முழங்காலுக்குக் கீழே வரை நீண்டிருந்தன. எது சேலை, எது சட்டை, எது தோல் என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. அர்ச்சுனன் சத்தியவான்தான்.

முதலில் அலறியது ஐயாசாமி. வாயில் வெற்றிலை இல்லாததும் ஒரு காரணம்.

"ஐயோ! யாரு இதுக்குப் பொட்டு வச்சது?"

படச்சட்டத்தின் கீழ் மூலையில், குங்குமம் வைத்ததுபோல், வட்டமாக ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. லயத்து வீடுகளில் படம் என்று இருந்தால் சாமி படம். இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்தவர்கள் படம். இரண்டுக்கும்தான் பொட்டு வைப்பார்கள். உயிரோடு இருப்பவர்கள் படத்துக்குப் பொட்டு வைத்து யாரும் பார்த்ததில்லை. ராசம்மாவுக்கே முகம் வெளுத்துவிட்டது. ஐயாசாமி கண்ணில் நீர் முட்ட, தோள் துண்டை எடுத்து அந்தப் பொட்டைத் துடைக்கப் பாய்ந்தான்.

"தொடாதீங்க! தொடாதீங்க!" ஸ்டானிஸ்லாஸ் ஓடி வந்து அவன் கையைப் பிடித்தார். "அது குங்குமம் இல்லைங்க, காகிதம். வித்துப்போன படத்துக்கு ஒட்டுற அடையாளம். வேற யாரும் கேட்டா இல்லைன்னு சொல்றதுக்கு."

"உசிருக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லை லா! ஒரு சீன டாக்டர் வாங்கியிருக்காரு. வந்த முதல் நாளே பார்த்துட்டு இதுதான் வேணும்னாரு. வீட்டுக் கூடத்துல மாட்டப்போறாராம்."

ஐயாசாமி துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ராசம்மாவுக்கோ ஒன்று போய் இன்னொன்று வந்தது. எவனோ ஒருவன் வீட்டுக் கூடத்தில் தன் வீட்டு மருமகள் தொங்குவதா? அவள் படத்துக்கு ஒரு முழம் கிட்டே போய், தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், மறுபக்கம் சாய்த்தாள், பின்னால் நகர்ந்தாள், மறுபடி கிட்டே போனாள். கடைசியில் பெருமூச்சு ஒன்று விட்டாள். நெற்றிச் சுருக்கம் எல்லாம் போய்விட்டது.

"அட, இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்! இதுல அங்கம்மா எங்க இருக்கா? மூஞ்சியே இல்லையே. இது அங்கம்மாவும் இல்லை, நம்ம சனமும் இல்லை. மிஸ்ஸி ஏதோ மரக்கட்டையை வரைஞ்சு வச்சிட்டுப் போயிருக்கா." அவள் அங்கம்மாவின் தோளைத் தட்டினாள். "போ, தப்பிச்சே. ஊருல கேட்டா நான் சொல்லிக்கிறேன், அது அவ படமே இல்லைன்னு. பேச்சு அத்தோட முடிஞ்சது. வர்ற வெள்ளிக்கிழமை தட்டு வரும்."

ஐயாசாமி கையெடுத்துக் கும்பிட்டான். தங்கராஜுவின் முகத்தில் ஒரு பெரிய சிரிப்பு. எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது. அங்கம்மா சும்மா நின்றால் போதும். தலையை ஆட்டக்கூட வேண்டாம்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்திலும் காண்டாக் கட்டையில் வாளி இல்லை. ஆனால் கட்டை இரண்டு முனையிலும் கீழே வளைந்திருந்தது. நிறைந்த வாளி தொங்கினால் வளைகிற அளவுக்குச் சரியாக வளைந்திருந்தது. வலது தோள் இறங்கி, இடுப்பு இடது பக்கம் தள்ளி, ஒரு கால் முன்னே மடங்கி நின்றது. முன்காலின் விரல்கள் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தன. மழை பெய்த மறுநாள் ஏழாம் நம்பர் மேட்டில் பாலோடு இறங்கும்போது அவள் அப்படித்தான் இறங்குவாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தமாட்டாள். அதை அவள் மிஸ்ஸிக்குச் சொன்னதே இல்லை. சும்மா நின்றவளைப் பார்த்தே மிஸ்ஸி கண்டுபிடித்திருக்கிறாள். அங்கம்மா இவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடினாள்.

"இது நான்தான் அக்கா," என்றாள்.

"என்னது?"

"இது நான்தான். நான் பால் தூக்குற மாதிரிதான் இது நிக்குது."

ராசம்மாவின் கை தோளிலிருந்து இறங்கியது. "உனக்குப் புத்தி கித்தி இருக்கா? நானே இல்லைன்னு சொல்றேன். நீ எதுக்கு வந்து மாட்டிக்கிறே?"

"இல்லாததை இல்லைன்னு சொல்லலாம். இருக்கிறதை எப்படிச் சொல்றது?"

"சரி, நீதான்னே வச்சுக்குவோம். அப்படின்னா சேலை எங்க? காட்டு."

"தெரியலை," என்றாள் அங்கம்மா. "மிஸ்ஸி சேலையை வரையலை, நிக்கிறதை வரைஞ்சிருக்கா. ஆனா நான் கட்டியிருந்தேன். நீலச் சேலை, முழுக்கைச் சட்டை, தலைத்துணி. எனக்கு வேற சாட்சி கிடையாது. என் வார்த்தை போதும்னா தட்டு கொண்டு வாங்க. போதாதுன்னா வேணாம். ஆனா இது நான் இல்லைன்னு மட்டும் ஊருல சொல்லாதீங்க."

ஐயாசாமி தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். யாரும் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அது அங்கம்மாதான் அக்கா," என்றான் தங்கராஜு.

ராசம்மா திரும்பிப் பார்த்தாள். அவன் பயந்துதான் பேசினான், ஆனாலும் நிறுத்தவில்லை. "நான் தினமும் பால் ஸ்டோர் வாசல்லேருந்து பார்ப்பேன். மேட்டுல இறங்கி வர்றப்ப மூஞ்சி தெரியாது. எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க. ஆனா அங்கம்மா மட்டும் தெரிஞ்சுடும். இப்படித்தான் தெரியும். வந்ததும் கண்டுபிடிச்சிட்டேன்."

"கண்டுபிடிச்சும் ஏன் வாயை மூடிக்கிட்டு நின்னீங்க?" என்று அங்கம்மா சீறினாள். கல்யாணம் நடக்குமா என்றே தெரியாத நேரத்தில் மாப்பிள்ளையை இப்படி அதட்டியவள் அந்தத் தோட்டத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

தங்கராஜுவின் காது சிவந்துபோயிற்று. ஆனால் அங்கம்மாவுக்கு உள்ளுக்குள் கோபம் பாதி இறங்கிவிட்டது. இத்தனை நாளும் ஒருத்தன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான் என்பது அவளுக்கு இனித்தது.

ராசம்மா படத்துக்கு முதுகைக் காட்டி நின்று ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். அவளிடம் இப்போது போய் எதையும் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அங்கம்மா மட்டும் படத்தின் கீழே ஒட்டியிருந்த சின்ன அட்டையைக் காட்டி ஸ்டானிஸ்லாஸிடம் கேட்டாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

அவர் ஒரு நொடி தயங்கினார். "கூலிப் பெண், ஜொகூர்னு போட்டிருக்கு."

"பேரு?"

"பேரெல்லாம் போடுற வழக்கம் இல்லைம்மா."

அங்கம்மா பக்கத்துப் படத்தைப் பார்த்தாள். தொப்பி வைத்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கீழே அட்டை இருந்தது. "அவருக்கு?"

"அவரு பெரிய ஜட்ஜ்." சொல்லும்போதே ஸ்டானிஸ்லாஸுக்குக் குரல் இறங்கிவிட்டது. "அவரு பேரு போட்டிருக்கு."

"அவரு நாற்காலியில உட்கார்ந்தாரு. நான் பதினோரு நாள் நின்னேன். எனக்கும் போடுங்க."

"செயலாளர் துரை சாப்பிடப் போயிருக்காரு. அவரைக் கேட்காம..."

"அவரு வந்து கேட்டா, ஜொகூர்லேருந்து அங்கம்மான்னு ஒருத்தி வந்தா, அவ சொல்லித்தான் எழுதினேன்னு சொல்லுங்க."

ஸ்டானிஸ்லாஸ் அவளைப் பார்த்தார், ஜட்ஜைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் துரைமார் சொன்னதை மட்டுமே எழுதிய மனிதர். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "தமிழ்ல எழுதட்டுமா?"

"தமிழ்லயும் எழுதுங்க, இங்கிலீஷ்லயும் எழுதுங்க. வாங்கினவருக்குப் புரியணும்ல?"

அவர் குனிந்து பென்சில் முனையை அட்டையில் வைத்தார். அப்போதுதான் ராசம்மாவின் குரல் கேட்டது.

"நில்லுங்க கிராணி ஐயா."

எல்லாரும் திரும்பினார்கள். அவள் ஜன்னலை விட்டு வந்து அட்டைக்கு நேரே நின்றாள். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனாலும் வரி வரியாகப் படிக்கிறவள்போல் அதைப் பார்த்தாள்.

"எழுதுறதுன்னா முழுசா எழுதுங்க. அங்கம்மா, தங்கராஜு சம்சாரம்."

ஐயாசாமி பெஞ்சிலிருந்து எழுந்தான். "அப்படின்னா... கல்யாணம்?"

"பின்னே என்ன?" என்று அவன்மேல் பாய்ந்தாள் ராசம்மா. "பொய் சொல்லித் தப்பிச்சுக்கடின்னு நானே கதவைத் திறந்து விட்டேன். இவ போகலையே! தனக்கு நல்லது நடக்கும்னாகூடப் பொய் சொல்லாதவ, சேலை கட்டியிருந்தேன்னு சொன்னா கட்டித்தான் இருந்திருப்பா. இனிமே லயத்துல எவளாவது வாயைத் திறக்கட்டும், நான் பார்த்துக்கிறேன்."

பேசி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. தங்கராஜு அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டான். ஸ்டானிஸ்லாஸ் மறுபடி குனிந்தார்.

"அங்கம்மா... தங்கராஜு சம்சாரம்..." என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"வேணாம் ஐயா," என்றாள் அங்கம்மா.

பென்சில் அப்படியே நின்றது.

"கல்யாணத்துக்கு எனக்குச் சம்மதம் அக்கா. முழுச் சம்மதம். ஆனா அங்க நின்னது நான் ஒருத்திதானே? அங்கம்மா போதும்."

ராசம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். மண்ணைக் கவ்விக்கொண்டிருந்த அந்தக் கால்விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அதையே எழுதுங்க கிராணி ஐயா," என்றாள். "கொஞ்சம் பெரிசா எழுதுங்க."